பெரிய வியாழன் வேதபாடம்: லூக்கா 22-ஐ பஸ்காவோடு சேர்த்து வாசிக்கும் முறை

பெரிய வியாழன் அன்று நாம் திருவிருந்து எடுக்கிறோம். ஆனால் முதன்முதலில் அந்தப் பந்தியில் இருந்தவர்கள் யூதர்கள், எகிப்திலிருந்து தங்கள் முன்னோர் விடுதலையான இரவைக் கொண்டாட ஒன்றுகூடியவர்கள் என்பது நமக்குச் சட்டென்று மறந்துபோகிறது. பஸ்கா என்னும் அந்தப் பண்டிகையைப் பக்கத்தில் வைத்து வாசித்தால், வாசித்துப் பழகிய வசனங்களே புதிதாகத் தெரியும். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பரிசுத்த வாரத்தின் செவ்வாயன்று இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒன்றரை மணி நேரம் போதும்.

இரண்டு வேதாகமங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் யாத்திராகமம் 12, இன்னொன்றில் லூக்கா 22. இரண்டையும் இருவர் கையில் திறந்தே வைத்திருக்கட்டும். ஒருவரே பக்கம் புரட்டிக்கொண்டிருந்தால் கேட்பவர்களுக்குத் தொடர்பு விட்டுப்போகும்.

முதலில் யாத்திராகமம் 12:1-14. பத்தாம் நாளில் ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுக்க வேண்டும், பழுதற்ற ஒரு வயது ஆணாக இருக்க வேண்டும், பதினாலாம் நாள் சாயங்காலம் அடிக்க வேண்டும், நெருப்பில் சுட்டு, புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்பான கீரையோடும் அந்த ராத்திரியே புசிக்க வேண்டும். அப்புறம் 26-ஆம் வசனத்துக்குத் தாவுங்கள். ‘இந்த ஆராதனையின் கருத்து என்ன?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள், நீங்கள் சொல்ல வேண்டும் என்று அங்கே இருக்கிறது. இதைக் கூட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளை வாசிக்கட்டும். இன்றும் யூத வீடுகளில் பஸ்கா இரவில் கடைக்குட்டிதான் கேள்வி கேட்கும். பந்தியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லும் இரவு அது. அப்படியிருக்க, இயேசு அப்பத்தை எடுத்து அதற்கு ஓர் அர்த்தம் சொன்னபோது, அப்படிச் சொல்வது சீஷர்களுக்குப் பழக்கமானதுதான். சொன்ன அர்த்தம்தான் அவர்கள் அதுவரை கேட்டிராதது.

இப்போது லூக்கா 22:7-13. இதை அவசரமாகக் கடக்காதீர்கள். கலிலேயாவிலிருந்து வந்தவர்கள் எருசலேமில் எதற்கு ஓர் அறை தேட வேண்டும்? உபாகமம் 16:5-7-ஐ வாசியுங்கள். ஆட்டுக்குட்டியை அவரவர் ஊரில் அடிக்க முடியாது, கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்தில்தான் அடித்துப் புசிக்க வேண்டும். அதனால் பண்டிகைக் காலத்தில் அந்த நகரமே யாத்திரிகர்களால் நிரம்பி வழியும். பேதுருவும் யோவானும் ஆயத்தம் செய்யப் போனார்கள் என்ற ஒரு வரிக்குள் இடம், அப்பம், கீரை, திராட்சரசம் என்று எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்று பேச விடுங்கள். இதில் பெண்கள்தான் நன்றாகப் பேசுவார்கள்.

22:20-இல் ‘புதிய உடன்படிக்கை’ வரும்போது நிறுத்தி, எரேமியா 31:31, யாத்திராகமம் 24:8 இரண்டையும் வாசியுங்கள். அதிகம் விளக்க வேண்டாம், அடுத்தடுத்து வாசித்தாலே போதும்.

எனக்கு மிகவும் பிரியமான பகுதி இனிமேல்தான். மாற்கு 14:26: ‘அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப் போனார்கள்.’ என்ன பாட்டு? பஸ்காவில் யூதர்கள் பாடுவது சங்கீதம் 113 முதல் 118 வரை. அதற்கு ஹல்லேல் என்று பெயர். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத நூலில் இதைப் பற்றிய விவரம் இருக்கிறது. எருசலேம் தேவாலயத்தில் ஜனங்கள் மூன்று பிரிவாக வந்து ஆட்டுக்குட்டிகளை அடிக்கும்போது, தேவாலயப் பணியாளர்களான லேவியர் ஹல்லேல் பாடினார்கள். வீட்டுப் பந்தியில் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம், பின் மீதி. முன்னால் 113 மட்டுமா, 114-உம் சேர்த்தா என்று சம்மாய், ஹில்லேல் என்ற இரு போதகர்களின் பள்ளிகளுக்குள் கருத்து வேறுபாடுகூட இருந்தது. ஆகவே ஒலிவமலையிலுள்ள கெத்செமனே தோட்டத்துக்குப் போகும் முன் இயேசு பாடியது பெரும்பாலும் 118 வரை வரும் இந்தச் சங்கீதங்களே.

118-ஐ மாறி மாறி வாசியுங்கள். நீங்கள் ஒரு வரி சொல்ல, எல்லாரும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று பதில் சொல்லட்டும். ‘நான் சாவாமல் பிழைத்திருந்து’ என்ற 17-ஆம் வசனத்தையும், தள்ளப்பட்ட கல்லைப் பற்றிய 22-ஆம் வசனத்தையும் நிதானமாக வாசியுங்கள். மறுநாள் சிலுவை என்று அறிந்தவர் இதைப் பாடினார். இந்த இடத்தில் நான் எதுவும் பேசுவதில்லை.

கேள்விகள் வரும். ‘யோவானில் நாள் வேறு மாதிரி இருக்கிறதே’ என்பது ஒன்று. சரியான கேள்விதான். மத்தேயு, மாற்கு, லூக்காவில் அந்தப் பந்தியே பஸ்கா. யோவான் 18:28-இன்படி, இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோன காலையில் பஸ்கா இன்னும் புசிக்கப்படவில்லை. அதாவது ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படும் நாளிலேயே இயேசு மரிக்கிறார். ‘எலும்பு முறிக்கப்படுவதில்லை’ என்று 19:36-இல் வருவதை யாத்திராகமம் 12:46-உடன் வைத்துப் பாருங்கள், யோவான் எதைக் காட்டுகிறார் என்று புரியும். இரண்டையும் இழுத்துக் கட்டி ஒன்றாக்க முயல வேண்டாம்.

‘யூதர்கள்தானே அவரைக் கொன்றார்கள்?’ என்பது இன்னொன்று. இதற்குத் தயங்காமல் பதில் சொல்லுங்கள். சிலுவை ரோமரின் தண்டனை, தீர்ப்புச் சொன்னவன் பிலாத்து. இயேசு, மரியாள், பேதுரு, பவுல் எல்லாரும் யூதர்கள். இந்தப் பழியைச் சொல்லித்தான் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக, பரிசுத்த வாரத்திலேயே, யூதர்களை அடித்தார்கள். 1965-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அன்றைய யூதர் எல்லார்மேலும் இன்றைய யூதர்மேலும் இந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. ரோமர் 11:18-ஐ எல்லாரும் சேர்ந்து வாசியுங்கள்: நாம் வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் நம்மைச் சுமக்கிறது என்கிறார் பவுல்.

ஒரு வேண்டுகோள். இன்றைய யூதரின் சேதர் என்னும் பஸ்கா விருந்தை அப்படியே நடித்துக் காட்டாதீர்கள். அதன் ஒழுங்கு பெரும்பாலும் கி.பி. 70-இல் எருசலேம் தேவாலயம் இடிந்த பிறகு உருவானது. இயேசு இப்படித்தான் செய்தார் என்று அதைக் காட்டிச் சொல்ல முடியாது. தவிர, அது இன்னொரு ஜனம் இன்றும் ஜெபத்தோடு செய்யும் ஆராதனை. புளிக்காத ரொட்டியையும் கசப்பான கீரையையும் பார்க்க ஒரு தட்டில் வைத்தால் போதும்.

முடிக்கும்போது அடுத்த பாடத்தையும் சொல்லிவிடுங்கள்: பெந்தெகொஸ்தேக்கு முந்தின வாரம், லேவியராகமம் 23:15-21, அப்போஸ்தலர் 2. அறுவடையின் ஐம்பதாம் நாள் பண்டிகைக்கு அத்தனை தேசத்து யூதர்கள் எருசலேமில் ஏன் கூடியிருந்தார்கள் என்ற கேள்வியோடு வரச் சொல்லுங்கள்.