பிஷ்கெக்கில் ரஷ்யாவின் தடம்: மருத்துவம் படிக்க வரும் தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

கிர்கிஸ்தானுக்கு மருத்துவம் படிக்க வரும் நம் மாணவர்களில் பலர், உறவினர்களிடம் "ரஷ்யா பக்கம் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டே விமானம் ஏறுகிறார்கள். சேர்த்துவிடும் முகவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகிறார்கள். வந்திறங்கியதும் இந்தப் பேச்சைத்தான் முதலில் கைவிட வேண்டும். சோவியத் ஒன்றியத்திலிருந்து 1991 ஆகஸ்ட் 31 அன்று விடுதலையை அறிவித்த தனி நாடு இது. ஆயினும் கடைப் பலகையிலிருந்து நாடாளுமன்றச் சட்டம் வரை ரஷ்யாவின் தடம் இங்கே ஆழப் பதிந்திருக்கிறது. அந்தத் தடம் எங்கே அன்றாட வசதியாக இருக்கிறது, எங்கே மனத்தாங்கலைத் தருகிறது என்று பிரித்தறியத் தெரிந்தால் பல சங்கடங்களைத் தவிர்க்கலாம்.

மொழியிலிருந்து தொடங்குவோம். அரசியலமைப்பின்படி கிர்கிஸ் அரச மொழி, ரஷ்யன் அலுவல் மொழி. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தாலும், மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும்போது நோயாளியிடம் ஆங்கிலம் செல்லாது. தலைநகர் பிஷ்கெக்கில் ரஷ்யன் தெரிந்தால் ஏறக்குறைய எல்லாக் காரியமும் முடிந்துவிடும். ஆனால் மலைக் கிராமங்களிலிருந்து வரும் முதியவர்கள் கிர்கிஸ் மட்டுமே பேசுவதும் உண்டு. தெற்கே ஓஷ் நகரத்தில் படிப்பவர்களுக்குக் கிர்கிஸுடன் உஸ்பெக்கும் காதில் விழும். அங்கே ரஷ்யனை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆகவே முதல் மாதத்திலேயே சிரிலிக் எழுத்துகளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு மொழிகளுக்கும் அதே எழுத்துதான், கிர்கிஸுக்குக் கூடுதலாக மூன்று எழுத்துகள் உண்டு, அவ்வளவே. வேலைக்கு ரஷ்யனையும் மரியாதைக்குக் கிர்கிஸையும் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. கடைக்காரரிடமும் மார்ஷ்ருத்கா எனப்படும் சிற்றுந்தின் ஓட்டுநரிடமும் "ஸ்பசீபா" என்பதற்குப் பதில் "ரஹ்மத்" என்று நன்றி சொல்லிப் பாருங்கள், முகம் மலர்வது தெரியும். மூத்த ஆணைப் "பாய்கே" என்றும் மூத்த பெண்ணை "எஜே" என்றும் அழைப்பது இங்கே வழக்கம். அண்ணன், அக்கா என்று அழைத்து வளர்ந்த நமக்கு இது எளிதாகவே வரும். பேராசிரியர்களை மட்டும் ரஷ்ய முறைப்படி, பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து அழைக்க வேண்டும்.

இந்த மொழி விவகாரத்தில் அரசியலும் கலந்திருக்கிறது. 2023 ஏப்ரலில், அரச மொழி ஆணையத்தின் தலைவர் சிரிலிக்கை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாற வேண்டும் என்று பேசினார். அதிபர் சதீர் ஜபாரோவ் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அதே ஆண்டு ஜூலையில், அரசு ஊழியர்கள் கிர்கிஸ் அறிந்திருப்பதைக் கட்டாயமாக்கும் புதிய மொழிச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் ஜபாரோவே. மாஸ்கோவைச் சீண்டாமல் சொந்த மொழியை மெல்ல உயர்த்துவது என்ற இந்தக் கயிற்றின் மேல் நடையைப் புரிந்துகொண்டால், நாட்டின் அரசியலில் பாதி புரிந்த மாதிரி. "-ஓவ்", "-ஓவா" என முடியும் ரஷ்யப் பாணிக் குடும்பப் பெயர்களை விட்டுவிட்டு, இன்னாரின் மகன் என்று பொருள்படும் "ஊலு", மகள் என்னும் "கிஸி" ஆகியவற்றுக்கு மாறுபவர்களையும் உங்கள் வகுப்புகளில் சந்திக்கலாம்.

நகரமே ஒரு வரலாற்றுப் பாடம். பிஷ்கெக்குக்கு 1926 முதல் 1991 வரை ஃப்ருன்ஸே என்று பெயர். இங்கே பிறந்த செஞ்சேனைத் தளபதி மிகயில் ஃப்ருன்ஸேயின் நினைவாக வைத்தது. பெயர் மாறிப் பல ஆண்டுகள் கழிந்தும் விமானச் சீட்டில் நகரத்தின் குறியீடு எஃப்.ஆர்.யு. என்றே வந்துகொண்டிருந்தது. அலா-தோ சதுக்கத்தில் நின்ற லெனினை 2003-இல் அருங்காட்சியகத்தின் பின்புறத்துக்கு நகர்த்தினார்கள், உடைக்கவில்லை. சதுக்கத்தில் இப்போது காவிய நாயகன் மனாஸ் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். ஓஷில் இருந்த பெரிய லெனின் சிலையை 2025 ஜூனில்தான் இறக்கினார்கள். சோவியத் காலம் பள்ளியும் மருத்துவமனையும் தந்தது என்று நன்றியோடு பேசும் பெரியவர்கள் உண்டு. 1916-இல் ஜார் அரசுக்கு எதிரான கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது மலைகளைக் கடந்து சீனா நோக்கி ஓடியவர்கள் வழியில் மாண்ட கதையை, "உர்கூன்" என்ற பெயரில், அதே பெரியவர்கள் வலியோடு சொல்வதும் உண்டு. முன்பு அக்டோபர் புரட்சி நாளாகக் கொண்டாடப்பட்ட நவம்பர் 7, 2017 முதல் முன்னோரை நினைவுகூரும் நாளாகியிருக்கிறது. மே 9 வெற்றி நாளோ குறையில்லாமல் தொடர்கிறது. ஹிட்லரின் படைகளுக்கு எதிரான போரில் ஆளை இழக்காத குடும்பம் இங்கே அரிது என்பதால், அன்று கேலிப் பேச்சு வேண்டாம்.

ரஷ்யாவைச் சார்ந்திருப்பதற்கு முதன்மையான காரணம் பிழைப்பு. லட்சக்கணக்கான கிர்கிஸ் மக்கள் ரஷ்யாவில் கட்டட வேலையும் ஓட்டுநர் வேலையும் செய்து பணம் அனுப்புகிறார்கள். 2015-இல் ரஷ்யா முன்னின்று நடத்தும் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் நாடு சேர்ந்ததற்கு இவர்களின் நலனும் ஒரு காரணம். எரிவாயு விநியோகம் ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் கையில் இருக்கிறது. பிஷ்கெக்கை அடுத்த கான்ட்டில் 2003 முதல் ரஷ்ய விமானப்படைத் தளம் இயங்குகிறது. பிஷ்கெக்கின் மனாஸ் விமான நிலையத்தில் இருந்த அமெரிக்கத் தளம் 2014-இல் மூடப்பட்டது. கான்ட் பக்கம் போனால் படம் பிடிக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் ரஷ்யாவில் உக்ரைன் போருக்கான படைத்திரட்டல் அறிவிக்கப்பட்டபின் பல இளைஞர்கள் இங்கே ஓடிவந்தார்கள், வீட்டு வாடகையும் ஏறியது. விடுதியை விட்டுத் தனி வீடு பார்க்கும் எண்ணம் இருந்தால், சீனியர்கள் பழைய காலத்து வாடகைக் கணக்கைச் சொல்லும்போது இதையும் மனத்தில் வையுங்கள்.

உக்ரைன் போரைப் பற்றி ஒரே வீட்டிலேயே இரு கருத்துகள் இருக்கும்: தாத்தா ரஷ்யத் தொலைக்காட்சி பார்ப்பார், பேத்தி வேறு செய்தி படிப்பாள். கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளைக் கட்டுப்படுத்த, ரஷ்யச் சட்டத்தை ஒத்த ஒரு சட்டம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தொண்டு நிறுவனங்களும் ஊடகங்களும் முன்னிலும் எச்சரிக்கையாக இயங்குகின்றன. 2005, 2010, 2020 என மூன்று முறை மக்கள் எழுச்சி ஆட்சியைக் கவிழ்த்த நாடு என்பதால் கூட்டம் கூடினாலே காவல்துறை விழிப்படைந்துவிடும். பேரணி எதுவாயினும், வேடிக்கை பார்க்கக்கூட நிற்காமல் விடுதிக்குத் திரும்புங்கள். கைப்பேசியில் எடுத்த காட்சியைப் பகிரவும் வேண்டாம். விசாவும் பதிவுச் சீட்டும் உங்கள் பெயரில் இருக்கும் வரை, இந்த விவாதத்தில் நீங்கள் விருந்தாளிதான்.