பெங்களூருக்குப் பத்து மணி நேரம், அப்புறம் தாலுகா ஆபீஸ்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெங்களூருக்கு வான்வழியில் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் சுமார் 10 மணி நேரம். திரும்பும்போது எதிர்க்காற்றால் இன்னும் கொஞ்சம் கூடும். கிருஷ்ணகிரிக்காரர்கள் சென்னையில் இறங்க வேண்டியதில்லை. அங்கிருந்து சாலையில் சுமார் 250 கிலோமீட்டர். பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து அதில் பாதிதான். ஆனால் அந்தப் பாதியை நம்பி, இறங்கிய அன்றே எந்த அலுவலகத்துக்கும் வருவதாகச் சொல்லிவிடாதீர்கள். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டாமல், ஹொஸ்கோட்டை, மாலூர் வழியாக ஒசூருக்கு வந்துவிடலாம். கர்நாடக டாக்ஸி என்றால் தமிழ்நாட்டுக்குப் பெர்மிட் உண்டா என்று ஏறும் முன்பே கேளுங்கள். (ஒசூரிலேயே பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரட்டும்.)

சரி, வழி இவ்வளவுதான். லீவு முழுக்கப் போவது தாலுகா ஆபீஸில்.

அப்பா போன பிறகு எங்கள் மாந்தோப்பு கூட்டுப் பட்டாவிலேயே கிடந்தது. "நீ நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான்டா ஆவும்" என்று சித்தப்பா போனில் ஓயாமல் சொல்வார். போனால், முதலில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று விசாரணை முடிந்துதான் தாசில்தாரிடம் போகும். வி.ஏ.ஓ.வோ ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்தார். அதற்கு மேல் மாவட்டச் சிக்கல். தாத்தாவின் பத்திரத்தில் சேலம் ஜில்லா, ஏனென்றால் தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல். அப்பா வாங்கிச் சேர்த்ததில் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். நிலம் ஓர் அடி நகரவில்லை. அதை ஒவ்வொரு மேசையிலும் விளக்க வேண்டியிருந்தது. "வெளியூர்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க சார் தெரியப் போவுது" என்றார் ஒரு கிளார்க். மாவட்டம் பிரிந்தபோது நான் ஊரில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. இருந்தும் சுருக்கென்றது.

ஆகவே டிக்கெட் போடும் முன்பே வில்லங்கச் சான்றை ஆன்லைனில் எடுத்து, மூலப்பத்திரத்தோடு சர்வே எண்ணை ஒப்பிட்டுவிடுங்கள். இறப்புச் சான்றிதழிலும் பட்டாவிலும் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஜமாபந்தி நடக்கும் மே, ஜூனைத் தவிருங்கள். மாம்பழமும் அப்போதுதான், என்ன செய்வது. பவர் எழுதி அனுப்புவதானால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்குங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

சொந்தக்காரர்களிடம் போனிலேயே பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓ.சி.ஐ. அட்டைக்காரருக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு) விவசாய நிலம் வாரிசாக வரலாம். விலைக்கு வாங்க முடியாது. "பவுண்டுல சம்பாதிக்கற, என் பங்கையும் நீயே எடுத்துக்க" என்று களித்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சித்தப்பா கேட்டார். விதியைச் சொன்னேன்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லு. சட்டத்தை ஏன்டா இழுக்கற?"