ஓட்டுநர்களுக்குப் பிடித்த லாரியா, உங்களுக்கு ஏற்ற லாரியா? அமெரிக்கப் பெருவண்டி வாங்குவோர் செய்யும் தவறுகள்

அமெரிக்க நெடுஞ்சாலை ஓட்டுநர்களிடம் மனத்துக்குப் பிடித்த வண்டி எது என்று கேட்டால் இரண்டு பெயர்கள் முதலில் வந்து விழும்: பீட்டர்பில்ட் 379, கென்வொர்த் டபிள்யூ900. கேபினுக்கு முன்னால் இன்ஜினை மூடியபடி நீளும் மூக்கு, கேபினுக்கு வெளியே இருபுறமும் உருளையாக நிற்கும் ஏர் கிளீனர், வானத்தைப் பார்க்கும் இரட்டைப் புகைபோக்கி, முகம் தெரியுமளவு துடைத்த குரோம். ஆனால் அந்த நாட்டில் அதிகம் விற்கும் நெடுந்தூர லாரி இவை இரண்டுமே அல்ல, ஃப்ரெய்ட்லைனர் கஸ்கேடியா. ஆசைப்படுவது ஒன்று, அன்றாடம் ஓட்டுவது வேறொன்று. இந்த இடைவெளியைக் கவனிக்காமல் முதல் வண்டி வாங்குபவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சொந்த வண்டி போடும் எண்ணத்தில் இருக்கும் தமிழர்கள் வண்டி பார்க்கக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடலாம்.

பதில் சொன்னவர் யார் என்று பாராமல் பதிலை மட்டும் எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது. நிறுவனத்தில் சம்பளத்துக்கு ஓட்டுபவர் டீசலுக்குத் தன் பையிலிருந்து பணம் தருவதில்லை. அவருக்கு வேண்டியது நல்ல படுக்கை, முதுகைக் காப்பாற்றும் இருக்கை, நெருக்கடியான சரக்குக் கிடங்கில் சட்டென்று திரும்பும் முன்சக்கரம். அமெரிக்கச் சட்டப்படி 11 மணி நேரம் ஓட்டினால் 10 மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அந்த ஓய்வு பெரும்பாலும் கேபினுக்குப் பின்னால் இருக்கும் படுக்கை அறையிலேயே கழிகிறது. வாரக்கணக்கில் அதுதான் வீடு. வால்வோ விஎன்எல் வண்டியை ஓட்டியவர்கள் அதன் சத்தமில்லாத கேபினையும் படுக்கையையும் பற்றியே பேசுவதற்குக் காரணம் இதுதான். சொந்த வண்டிக்காரர் பீட்டர்பில்ட்டைப் புகழும்போது அவர் மனத்தில் இருப்பது கௌரவமும் மறுவிற்பனை விலையும். இரண்டு பேரும் ‘பிடிக்கும்’ என்றே சொல்கிறார்கள். கணக்குப் புத்தகம் மட்டும் வேறு வேறு.

அந்த நீள மூக்குக்குப் பின்னால் ஒரு சட்டக் கதை உண்டு. ஒரு காலத்தில் பல மாநிலங்கள் லாரி, டிரெய்லர் இரண்டும் சேர்ந்த மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. மூக்கு நீண்டால் டிரெய்லர் குறுகும். டிரெய்லர் குறுகினால் சரக்கு குறையும். ஆகவே நம் ஊர் லாரிகளைப் போல இன்ஜின் மேலேயே கேபின் உட்கார்ந்த தட்டை முக வண்டிகள் அங்கேயும் ஏராளமாக ஓடின. 1982ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீள வரம்பை அகற்றி, டிரெய்லரின் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்தது. தட்டை முகத்தின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது. முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்பில் வாங்கியவர்கள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மோதினால் அடி தாங்க முன்னால் இன்ஜின் இருக்கிறது என்ற தைரியமும் சேர்ந்துகொண்டது. 379 வந்தது 1987இல். சட்டம் திறந்துவிட்ட இடத்தில் வளர்ந்த அழகு அது.

அழகுக்கு விலை உண்டு. அந்த விலையைக் கணக்குப் போடாமல் விடுவது இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். நெடுந்தூர வண்டி ஆண்டுக்கு ஒரு லட்சம் மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு மல்லுக்கட்டும் சதுர மூக்கு வண்டி கேலனுக்கு 6 மைலும், காற்றை வழுக்கிக்கொண்டு போகும் வண்டி 8 மைலும் தந்தால், ஆண்டுக்கு வித்தியாசம் ஏறக்குறைய 4,170 கேலன். நம் கணக்கில் சுமார் 15,800 லிட்டர். கேலன் 4 டாலர் என்றால் 16,700 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து ஆண்டுக் கடனில் வண்டி எடுத்தவர் இதை ஐந்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு குரோமைத் தடவிக்கொடுக்கட்டும். 1985இல் கென்வொர்த் நிறுவனமே மூக்குச் சரிந்த டி600 வண்டியைக் கொண்டுவந்தபோது ஓட்டுநர்கள் அதை எறும்புத்தின்னி என்று கேலி செய்தார்கள். இன்று ஓடும் டி680, பீட்டர்பில்ட் 579, கஸ்கேடியா எல்லாம் அந்த எறும்புத்தின்னி போட்ட பாதையில் வந்தவைதாம்.

மூக்கு நீண்டால் பார்வையும் குறையும். 379க்குப் பின் வந்த பீட்டர்பில்ட் 389இன் நீள மாடலில் பம்பரிலிருந்து கேபினின் முதுகு வரை 131 அங்குலம். வலப்பக்க முன்மூலையில் ஒரு கார் நின்றால் இருக்கையிலிருந்து தெரியாமலே போகலாம். வெளியே நிற்கும் ஏர் கிளீனரும் தன் பங்குக்கு மறைக்கும். பாலைவன நெடுஞ்சாலையில் இது பொருட்டில்லை. பழைய நகரங்களின் குறுகிய தெருக்களுக்குள் சரக்கு இறக்கப் போகிறவருக்கு இது தினசரித் தலைவலி.

எடையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க நெடுஞ்சாலையில் வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்து பொதுவாக 80,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. சுமார் 36 டன். பெரிய இன்ஜினும் பெரிய படுக்கை அறையும் கூடக்கூட ஏற்றும் சரக்கு குறையும். உருளைக்கிழங்கு வறுவல் பெட்டி ஏற்றுபவருக்கு இது கவலையில்லை, இடம் நிறைந்தாலும் எடை நிறையாது. டேங்கரில் பாலோ எண்ணெயோ ஏற்றி டன் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு பவுண்டும் காசு.

கேபினைப் பார்த்து மயங்கி இன்ஜினை விசாரிக்காமல் விட்டவர்களுக்கு இன்டர்நேஷனல் ப்ரோஸ்டார் நல்ல பாடம். விசாலமான கேபின், காற்றைக் கிழிக்கும் வடிவம், ஓட்டுநர்களிடம் நல்ல பெயர். 2010இல் அமெரிக்கப் புகைக் கட்டுப்பாடு கடுமையானபோது மற்ற நிறுவனங்கள் எல்லாம் யூரியாக் கரைசல் தெளித்துப் புகையைச் சுத்தம் செய்யும் முறைக்குப் போயின. இன்டர்நேஷனல் வண்டிகளைத் தயாரித்த நாவிஸ்டார் மட்டும் அது தேவையில்லை, புகையை இன்ஜினுக்குள் திருப்பி அனுப்பியே சமாளிக்கலாம் என்று மேக்ஸ்ஃபோர்ஸ் இன்ஜினோடு களத்தில் இறங்கியது. வண்டிகள் அடிக்கடி ஒர்க்‌ஷாப்பில் நின்றன, வாங்கியவர்கள் நீதிமன்றம் போனார்கள், 2012இல் நிறுவனமே யூரியா முறைக்குத் திரும்பியது. அந்தச் சில ஆண்டுகளின் வண்டி மலிவாகக் கிடைத்தால், மலிவுக்குக் காரணம் இதுதான். நம் ஊரில் பிஎஸ்-6 லாரி வைத்திருப்பவர்களுக்குப் புகை வடிகட்டி, யூரியா, சென்சார் என்ற இந்த உலகத்தின் தொல்லை நன்றாகவே தெரியும்.

இந்தத் தொல்லையே வேண்டாம், பழைய கேட்டர்பில்லர் இன்ஜின் போட்ட 379 போதும் என்பவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யூரியாவும் அதன் சென்சாரும் இல்லை, கையில் ஸ்பானர் இருந்தால் சாலையோரத்திலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். இன்ஜின் 2000க்கு முந்தையது என்றால் 2017 டிசம்பரில் கட்டாயமாக்கப்பட்ட, ஓட்டும் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவியிலிருந்தும் விலக்கு. ஆனால் கேட்டர்பில்லர் 2010ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுக்கு முன்பே நெடுஞ்சாலை லாரி இன்ஜின் தொழிலை விட்டு விலகிவிட்டது. கலிஃபோர்னியாவிலோ 2023 ஜனவரி 1 முதல், சில விதிவிலக்குகள் தவிர, 2010 மாடலுக்கு முந்தைய இன்ஜின் பூட்டிய கனரக டீசல் லாரி ஓடக்கூடாது. நாட்டின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகங்களான லாஸ் ஏஞ்சலஸும் லாங் பீச்சும் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பக்கம் சரக்கெடுக்க நினைப்பவர் 379 வாங்கிவிட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்க வேண்டியதுதான்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இன்ஜினைச் சூடேற்றி ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே வாயின்மேல் வையுங்கள். லேசாக நடுங்கினால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். துள்ளிக் கீழே விழுந்தால், புகை சீறி வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து வாயு உள்ளே கசிகிறது என்று பொருள்; பேரம் பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். ‘எங்கள் வண்டியில் அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் விவாதித்துப் பயனில்லை. ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதும் நல்லது.

கியர் விஷயத்தில் புதியவர்கள் அறியாமல் செய்வது ஒன்று: ஓட்டுநர் தேர்வில் ஆட்டோமேட்டிக் வண்டியை ஓட்டிக் காட்டித் தேறினால், அமெரிக்க உரிமத்தில் கையால் கியர் மாற்றும் கனரக லாரி ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு ஏறிவிடும். கனவு வண்டி 18 கியர் போட்ட டபிள்யூ900 என்றால், கையால் கியர் மாற்றும் வண்டியில் மறுபடியும் ஓட்டிக் காட்டித்தான் அதை நீக்க வேண்டும். புதிய நெடுந்தூர வண்டிகளில் ஆட்டோமேட்டிக்கே மிகுதி என்பதால் பலருக்கு இது தடையே ஆகாது.

எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தும் ஒப்பந்தத்தில் கவிழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். நிறுவனமே வண்டியைத் தந்து, அதே நிறுவனத்துக்கு ஓட்டவைத்து, வாராவாரம் கூலியில் தவணை பிடித்துக்கொண்டு, கடைசியில் வண்டி உனக்கே என்று சொல்லும் திட்டங்கள் அங்கே பரவலாக உண்டு. சரக்குத் தருபவரும் கடன்காரரும் ஒருவரே. சரக்கு குறைந்த வாரத்திலும் தவணை குறையாது. இடையில் விலகினால் அதுவரை கட்டிய பணம் திரும்பாது. இத்தகைய திட்டங்களை ஆராய அமைக்கப்பட்ட கூட்டரசுப் பணிக்குழு 2025 ஜனவரியில் இவற்றைத் தடை செய்யவே பரிந்துரைத்தது. மினுமினுக்கும் பீட்டர்பில்ட்டை முன்னால் நிறுத்திவிட்டுக் கையெழுத்துக் கேட்டால், தாளை வீட்டுக்கு எடுத்துப்போய், கடன் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். தாளை வெளியே தர மாட்டோம் என்கிறார்களா? வங்கிக் கடனில் நான்கு வருடப் பழைய கஸ்கேடியா கிடைக்கும்.