குட்டியோடு கொடுத்தனுப்ப வேண்டியவை

இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாட்டு இன நாய்களை வளர்த்து விற்பவர்கள், நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஒப்படைக்கும்போது கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட தடுப்பூசி அட்டை, குடற்புழு நீக்க மருந்து கொடுத்த தேதிகள், மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) எண் ஆகியவற்றைத் தர வேண்டும். வெள்ளை இராஜபாளையம் குட்டிகள் சில பிறவியிலேயே காது கேளாதவை என்பதால், செவித்திறனையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

பலரும் மறப்பது உணவைத்தான். குட்டிக்குப் பழகிய உணவில் ஒரு வாரத்துக்குத் தேவையானதைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, புதிய உணவை அதனுடன் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிக் கலக்கும்படி சொன்னால், திடீர் மாற்றத்தால் வரும் வயிற்றுப்போக்கைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். தாய் படுத்திருந்த பழந்துணி ஒன்றையும், துவைக்காமலே, சேர்த்து அனுப்புங்கள். முதல் இரவில் குட்டியின் அழுகையை அந்த வாசனை ஓரளவு தணிக்கும்.