முதலில் அந்த ஊசியைக் கீழே வையுங்கள்

போன வாரம் கடலூர் புதுப்பாளையத்தில் ஒரு வீடு. வைஃபை கனெக்ட் ஆகிறது, நெட் மட்டும் வரவில்லை என்று போன். என்னிடம் மூன்று மாதமாக வேலை பழகும் பையனை முன்னால் அனுப்பிவிட்டு, செம்மண்டலத்தில் கையில் இருந்த வேலையை முடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டுவிட்டது: பையன் மோடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, சிம் எடுக்கும் ஊசியை அதன் முதுகில் இருக்கும் சின்ன ரீசெட் ஓட்டையில் நுழைக்கப் பார்க்கிறான். "டேய், எடுறா கையை!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த வீட்டு அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

பையனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. பல வருஷம் முன்னால் அதே மாதிரி ஓட்டையில் நான் விட்டது குண்டூசி. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

மோடத்துக்கு ஸ்விட்ச் போட்டிருக்கிறதா, இந்த மாதப் பணம் கட்டியாச்சா, போனில் ஏரோபிளேன் மோடு ஆனில் இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. தொழில் பழகும் பையன்களும், கொஞ்சம் விவரம் தெரிந்த வீட்டுக்காரர்களும் திரும்பத் திரும்ப விழும் குழிகளை மட்டும் சொல்கிறேன். எல்லாமே நான் விழுந்து எழுந்தவைதான்.

குற்றம் செய்யாத வைஃபையைத் தண்டிப்பது

போனிலிருந்து மோடம் வரைக்கும் ஒரு பாதை. அதற்குத்தான் வைஃபை என்று பேர். மோடத்திலிருந்து தெருக் கம்பம் ஏறி, நெட் கொடுக்கும் கம்பெனி வரைக்கும் போவது இன்னொரு பாதை. 'கனெக்ட் ஆகியிருக்கிறது, இன்டர்நெட் இல்லை' என்று போன் சொன்னால், முதல் பாதையில் வண்டி ஓடுகிறது, இரண்டாவதில்தான் எங்கேயோ நின்றுவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். ஆனால் ஆட்கள் கை வைப்பது எப்போதும் முதல் பாதையில். மோடத்தைத் தூக்கி ஜன்னலோரம் வைப்பார்கள், ஆன்டெனாவைத் திருகுவார்கள், வைஃபை பேரைக்கூட மாற்றிப் பார்ப்பார்கள்.

இன்டர்நெட் இல்லை என்பது போனுக்கு எப்படித் தெரிகிறது? ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் சேர்ந்த உடனே கூகுளின் ஒரு முகவரிக்குச் சின்னதாக ஒரு கோரிக்கை அனுப்பும். 204 என்று பதில் வந்தால் திருப்தி. வராவிட்டால் அந்த ஆச்சரியக்குறியைப் போட்டுவிடும். விண்டோஸும் இதே போல மைக்ரோசாஃப்ட் முகவரியிலிருந்து ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைலை எடுக்கப் பார்க்கும். அதாவது போன் சொல்வது ஒரு சோதனையின் முடிவு. கோளாறு எந்த இடத்தில் என்று அதற்குத் தெரியாது.

அதனால் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்பது, "இன்னொரு போன் கொடுங்கம்மா". அதில் நெட் ஓடினால் மோடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். தப்பு முதல் போனில்தான்: நெட்டை வேறு வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் ஆப் யாரோ சொல்லிப் போட்டது, எப்போதோ கையால் அடித்துவைத்த ஐபி (போனின் முகவரி நம்பர்), இப்படி ஏதாவது. எல்லாப் போனிலும் இல்லை என்றால்தான் மோடம் பக்கம் போவேன்.

பாஸ்வேர்டை அழித்துவிட்டு மறுபடி அடிப்பது

வைஃபையில் சேர்ந்துவிட்டது என்றாலே பாஸ்வேர்டு சரி. விடுங்கள்.

ஊசி

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

2011 கடைசியில் தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு, 2012-இல் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அதற்கு அடுத்த வருஷம். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆன்லைன் சென்டர். ஜெராக்ஸ், கரண்ட் பில், வேலைக்கு விண்ணப்பம் எல்லாம் அங்கே. எங்கள் பக்கம் அப்போது வீட்டுக்கு ஃபைபர் கிடையாது, டெலிபோன் ஒயரில் வரும் ஏடிஎஸ்எல் மோடம்தான். சனிக்கிழமை சாயங்காலம். ஏதோ ஒரு பரீட்சைக்கு விண்ணப்பம் போட மறுநாள் கடைசி. பதினைந்து பேர் மார்க் ஷீட்டும் போட்டோவுமாகக் கடை வாசல் வரை நிற்கிறார்கள். நெட் இல்லை.

மோடத்தை இரண்டு தடவை ஆஃப் செய்து போட்டேன். அசையவில்லை. அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள், கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. மேஜையில் கிடந்த குண்டூசியை எடுத்து அந்த ஓட்டையில் விட்டு, மனதுக்குள் பத்து எண்ணினேன். லைட்டெல்லாம் ஒரு தடவை அணைந்து எரிந்தது. "இப்ப வந்துடும் பாருங்கண்ணே" என்று வேறு சொல்லிவைத்தேன்.

ஏழரை மணிக்குப் பக்கத்து மெடிக்கலில் நெட் வந்தது. எதிரே போட்டோ ஸ்டுடியோவில் வந்தது. கோளாறு வெளியே, தெருவுக்கே பொதுவாக இருந்திருக்கிறது, யாரோ சரிசெய்துவிட்டார்கள். அந்த வரிசையில் நெட் இல்லாத ஒரே கடை நான் உட்கார்ந்திருந்த கடை. லைன் வந்தாலும் உள்ளே போக ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேண்டும். அதை நினைவில் வைத்திருந்தது மோடம் மட்டும்தான். அதைத்தான் நான் துடைத்துவிட்டேன். முதலாளியிடம் கேட்டால், "லைன் போட வந்த பையன் ஏதோ தட்டிட்டுப் போனான், எனக்கென்ன தெரியும்?" என்கிறார். ஆபீஸ் திறப்பது திங்கட்கிழமை. நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வேறு சென்டர் தேடிக் கிளம்பினார்கள்.

முதலாளி திட்டவில்லை. "தம்பி, நீ ஒண்ணுமே பண்ணாம டீ குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தாகூட வந்திருக்கும்ல?" என்று மட்டும் கேட்டார். ஞாயிறு முழுக்க என் டேட்டா கார்டை அவர் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ரீசார்ஜும் என் காசு.

இப்போது ஃபைபர் வந்துவிட்டது, பெட்டியும் மாறிவிட்டது. ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் மோடம் தூங்கி எழும். ரீசெட் செய்தால் தன் பேரே மறந்துபோகும். பேச்சுக்குச் சொல்லவில்லை, வைஃபை பேர் நிஜமாகவே போய்விடும். கூடவே லைனுக்குள் நுழையக் கேட்கும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, லைனில் நம் நெட் போகும் தடத்தைக் குறிக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும் விலான் நம்பர், கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கச் செய்துவைத்த போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் போகும். நெட் திரும்பி வந்தாலும் டிவி, கேமரா, பிரிண்டர் என்று ஒவ்வொன்றையும் மறுபடி சேர்க்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் யாரோ ரீசெட் அடித்துவிட்டுப் போய், எட்டுக் கேமராவைத் திரும்பச் சேர்க்க எனக்கு முக்கால் நாள் பிடித்தது.

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான்: சில கம்பெனிகள் மோடத்தின் செட்டிங்கைத் தூரத்திலிருந்தே அனுப்பிவிடும். அங்கே ரீசெட் அடித்தாலும் கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாகவே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நிமிர்ந்துவிடும். நம் பையன்கள் முதலில் பழகுவது அந்த மாதிரி நாலு வீட்டில். பலித்துவிடுகிறது. அப்புறம் எல்லா மோடமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு ஐந்தாவது வீட்டில் ஊசியோடு நிற்பார்கள்.

நேற்று ராத்திரி வரைக்கும் ஓடிய மோடத்தின் செட்டிங்கை யாரும் தொடவில்லை என்றால், அது பெரும்பாலும் தானாக மாறியிருக்காது. மாறாததை அழித்து என்ன கிடைக்கப்போகிறது? மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, அல்லது யாரோ உள்ளே புகுந்து கன்னாபின்னாவென்று மாற்றிவைத்துவிட்டார்கள் என்றால் சரி, ரீசெட்டுக்கு வேலை இருக்கிறது. அப்போதும் யூசர்நேம், பாஸ்வேர்டு கையில் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? மோடத்தின் கரண்டைப் பிடுங்கி, அரை நிமிஷம் விட்டு, திரும்பப் போட்டு, மூன்று நிமிஷம் பேசாமல் இருங்கள். வரவில்லையா, பிரவுசரில் 192.168.1.1 அடித்து உள்ளே போங்கள். வேறு நம்பர் என்றால் மோடத்தின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். 'வான்' (WAN), அதாவது வெளியே கம்பெனிக்குப் போகும் பாதை, என்று ஒரு பக்கம் வரும். அதை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் வெறும் புள்ளிதான் தெரியும், அதனால் பேக்கப் எடுக்கும் வசதி இருந்தால் ஃபைலையும் இறக்கிவையுங்கள். பிறகு அதே பக்கத்தில் ஐபி என்ற வரியைப் பாருங்கள். 0.0.0.0 என்றோ காலியாகவோ இருந்தால் கோளாறு வெளியே, அல்லது கம்பெனியில் உங்கள் கணக்கில். கம்பெனிக்குப் போன் போட வேண்டியதுதான். அங்கே நல்ல நம்பர் ஒன்று உட்கார்ந்திருந்தால் வெளியே போகும் வழி திறந்திருக்கிறது, வீட்டுக்குள் தேடுங்கள்.

புதுப்பாளையத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது 0.0.0.0. போன் போட்டோம். அந்த ஏரியாவில் வேலை நடக்கிறது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்றார்கள். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். இரண்டாவது டீக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மாடிக்கு இன்னொரு ரூட்டர்

தேவனாம்பட்டினம் ரோட்டில் ஒரு மாடி வீடு. காலையில் அம்மா போனில் நெட் வருகிறது, அப்பா போனில் இல்லை. சாயங்காலம் பார்த்தால் தலைகீழ். மகன் சென்னையிலிருந்து ரூட்டர் வாங்கி அனுப்பியிருக்கிறான். கீழே மோடத்திலிருந்து கேபிள் இழுத்து, மாடி ரூட்டரின் 'லான்' (LAN) ஓட்டையில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கான ஓட்டையில், சொருகியிருக்கிறார்கள்.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி கொடுப்பது ரூட்டரின் வேலை. இந்த வீட்டில் கொடுப்பவர்கள் இரண்டு பேர். இருவருமே 192.168.1.1 என்று ஒரே பேரில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாரோ போன் அவர் பின்னால் போகும். மோடம் கொடுத்தால் நெட் உண்டு. மாடி ரூட்டர் கொடுத்தால், அதன் 'வான்' ஓட்டை காலி, அதற்கு வெளியே போக வழியே கிடையாது.

மாடி ரூட்டரின் கரண்டைப் பிடுங்கிப் பாருங்கள். கீழே எல்லாம் ஒழுங்காக ஓடினால் ஆள் அகப்பட்டான். அப்புறம் அதை, முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடலாம். இல்லையென்றால் கேபிளை 'வான்' ஓட்டைக்கு மாற்றி, ரூட்டரின் முகவரியை 192.168.2.1 என்று வைத்துவிடலாம். விண்டோஸ் லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் ஐபி வந்திருந்தால் கதை வேறு: யாருமே முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம்.

அந்த வீட்டில் இன்னொன்றும் பார்த்தேன். கேபிள் முனையில் செம்புப் பின்களில் பச்சை பிடித்திருந்தது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று செய்யும் வேலை. முதுநகரிலும் இதே கதைதான். வெட்டிவிட்டுப் புது முனை போட்டேன்.

சிவப்பு லைட் எரியும்போது செட்டிங்கில் நோண்டுவது

ஃபைபர் மோடத்தில் 'லாஸ்' (LOS) என்ற லைட் சிவப்பாக மின்னினால் வெளிச்சமே வந்து சேரவில்லை. செட்டிங்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளமும் வந்த வாரத்தில் நான் ஏறிய வீடுகளில் பாதிக்கு மேல் இந்தச் சிவப்புதான். மரம் விழுந்து கம்பத்திலிருந்து வரும் ஒயர் அறுந்து கிடக்கிறது, உள்ளே ஒருவர் புது ரூட்டரே வாங்கி வைத்திருக்கிறார்.

புயல் இல்லாத நாளில் இதே சிவப்பு வந்தால் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் பாருங்கள். ஃபைபர் ஒயரை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார்கள். கண்ணாடி இழை அது, டீ டம்ளர் வாயை விடச் சின்ன வளையமாகச் சுருட்டக் கூடாது. பச்சை முனையைக் கழற்றிச் சட்டையில் துடைப்பதும் வேண்டாம், கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது வேண்டவே வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

சிவப்பு இல்லை, ஆனால் விட்டு விட்டு நெட் போகிறது என்றால் மோடத்துக்குள் 'ஆர்எக்ஸ் பவர்' (Rx Power) என்ற வரியைப் பாருங்கள், வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது. மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டிக் கீழே போயிருந்தால் ஒயர் ஆளைக் கூப்பிடுங்கள்.

டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டு மறந்துபோவது

கம்ப்யூட்டரில் 8.8.8.8 என்ற கூகுள் நம்பருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) போகிறது, ஆனால் ஒரு சைட்டும் திறக்கவில்லை என்றால் நெட் இருக்கிறது. பேரை நம்பராக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் தூங்குகிறது. ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் பழைய பேர் ஏதாவது எழுதிவைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். விளம்பரம் வராமல் இருக்க என்று போன வருஷம் நீங்களே போட்டதாக இருக்கும்.

தேதி

லேப்டாப் 2009 என்று காட்டினால் முதலில் அதைத் திருத்துங்கள். தேதி தப்பென்றால் நெட் இருந்தும் பல சைட்டுகள் திறக்காது.

கஸ்டமர் கேர் "ரீசெட் பண்ணுங்க சார்" என்றால்

"ரீஸ்டார்ட்டா, ரீசெட்டா?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதி நேரம் அவர்கள் சொல்ல வந்தது ரீஸ்டார்ட்தான். இல்லை, ரீசெட்டேதான் என்றால் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் நம்பர் மூன்றையும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த அப்புறம் ஊசியை எடுத்துக்கொள்ளலாம்.