சூட்டுப்பாயில் கத்தரி நாற்று

மார்ச் மாதம் கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வளவுக்குள் இன்னும் பனி கிடக்கும். அந்த நேரத்திலேயே கத்தரிக்கும் மிளகாய்க்கும் வீட்டுக்குள் விதை போட்டுவிட வேண்டும். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின லீவு கழியும்வரை நான் எதையும் வெளியே நடுவதில்லை. மே நடுப்பகுதியில்கூட ஓர் இரவு உறைபனி விழுந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். அக்டோபரில் திரும்பவும் குளிர். நடும்போதே ஒரு சாண் உயரக் கன்றாக இல்லாவிட்டால், காய்க்கிற நேரத்தில் செடி பூத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு மண்ணை அடியிலிருந்து சூடாக்கும் பாய் ஒன்று வேண்டும். கடையில் ஹீற் மற் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சூட்டுப்பாய். கறுப்பாக, ரப்பர் விரிப்புப் போல இருக்கும். உள்ளே சூடேறும் கம்பி ஓடும். 10 அங்குலத்துக்கு 20 அங்குல நாற்றுத் தட்டு ஒன்று அதன்மேல் அளவாக உட்காரும். அந்த அளவுப் பாய் 20 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும். இரவு பகலாக ஒரு மாதம் போட்டாலும் மின்கட்டணத்தில் பெரிதாக ஒன்றும் ஏறாது.

எங்கள் பேஸ்மென்ற் குளிர்காலத்தில் 17, 18 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் மிளகாய் விதை மூன்று கிழமையும் அசையாமல் கிடக்கும், பாதி அழுகியும் போகும். மண் 28 பாகையில் இருந்தால் எட்டாம் ஒன்பதாம் நாள் தலை தெரியும். ஊரில் அம்மா நாற்றுமேடை போட்டால் வெயில் சுடாமல் மேலே கிடுகுதான் கட்டுவா. மண்ணுக்கு அங்கே யாரும் சூடு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் பாய் வாங்கிய கதையைத் தொலைபேசியில் சொன்னபோது, "விதைக்குக் கரண்ட் குடுக்கிறியோ தம்பி?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தா.

முதலில் பாயை எங்கே விரிப்பது? வெறும் சீமெந்துத் தரையில் விரித்தால் பாதிச் சூட்டைத் தரை குடித்துவிடும். ஒரு மேசையில், அடியில் ஓர் அங்குல ஸ்டைரோஃபோம் பலகை வைத்து, அதன்மேல் விரியுங்கள். மடிக்கக் கூடாது, உள்ளே கம்பி முறியும். வயர் சுவரிலுள்ள மின்சொருகியை நோக்கிப் போகும்போது நடுவில் கீழே தொய்ந்து திரும்ப ஏறட்டும். தண்ணீர் வழிந்து வந்தாலும் அந்தத் தொய்வில் சொட்டி விழுமே தவிரச் சொருகிக்குள் போகாது.

பாயோடு ஒரு தேர்மோஸ்ரற்றும் வாங்குங்கள், மண் வேண்டிய சூட்டுக்கு வந்ததும் பாயை நிறுத்தும் கருவி அது. தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். பாய் தன்பாட்டில் அறையின் சூட்டைவிட ஓரளவுதான் கூட்டும் என்பது உண்மை. 17 பாகை அறையில் அது ஆபத்தில்லை. ஆனால் நான் இரண்டாம் வருடம் கெட்டித்தனமாகத் தட்டை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறைக்கு மாற்றினேன். தேர்மோஸ்ரற் இருந்தது. அதன் உணரிக் கம்பியை மண்ணில் சொருகியும் வைத்தேன். யாரோ தட்டை நகர்த்தியபோது அது வெளியே வந்து மேசையில் கிடந்திருக்கிறது. வெளிக்காற்றை அளந்து "இன்னும் குளிர், இன்னும் குளிர்" என்று பாயை ஓயாமல் எரிய விட்டது. மூடியைத் திறந்து விரலை வைத்தேன்; குளிக்கிற சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால் 39 பாகை. அந்தத் தட்டில் 72 குழி, முளைத்தது நான்கு. அன்றிலிருந்து உணரியை விதை கிடக்கும் ஆழத்திலேயே, தட்டின் நடுக்குழி ஒன்றில் புதைத்து, வயரைத் தட்டின் விளிம்போடு ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுகிறேன்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் 28 பாகை வையுங்கள். தக்காளிக்கு 24, 25 போதும். அது ஐந்தாறு நாளில் வந்துவிடும், ஏப்ரல் தொடக்கத்தில் போட்டாலும் பிந்தாது. லெற்றியூஸ், ஸ்பினாச், கொத்தமல்லி எதையும் பாயில் வைக்காதீர்கள். லெற்றியூஸ் விதை 27 பாகைக்கு மேலே போனால் உறங்கிப் போய்விடும்.

மண் என்று தோட்டத்து மண்ணை அள்ளிக்கொண்டு வராதீர்கள். விதை போடுவதற்கென்று விற்கும் இலேசான கலவையை வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். கைக்குள் எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. குழிக்கு இரண்டு விதை, கால் அங்குல ஆழம். மேலே தெளிவான பிளாஸ்ரிக் மூடி.

இனிப் பலர் ஏமாறும் இடம். சூடு அடியிலிருந்து வருவதால் மண் அடியிலிருந்துதான் காயும். மேலே மூடியில் நீர்த்துளி பூத்திருக்கும், மண்ணின் மேற்பரப்பும் கறுத்து ஈரமாகத் தெரியும், நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். ஒரு குழியை அடியிலிருந்து தள்ளி எடுத்துப் பார்த்தால் கீழ்ப்பாதி வெளிறி, தூளாக உதிரும். ஆகவே கண்ணால் பார்க்காதீர்கள். தட்டைத் தூக்கிப் பாரம் பாருங்கள். தண்ணீர் விட்ட அன்று ஒருமுறை தூக்கிப் பார்த்து வைத்தால் கை மறக்காது. இலேசாகிவிட்டதென்றால் குழித்தட்டு உட்காரும் வெளித்தட்டில் அரை அங்குலத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, இருபது நிமிடம் குடிக்க விட்டு, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

பாதி விதை முளைத்ததும் அந்தக் கன்றுகளுக்குச் சூட்டை நிறுத்துங்கள். முதல் வருடம் நான் "குளிர்தானே, பாவம்" என்று தொடர்ந்து விட்டேன். கத்தரிக் கன்றுகள் நூல் போல நாலு அங்குலம் நீண்டு, ஒரு காலை தண்டின் அடி பழுப்பாகச் சூம்பி, வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. சூடும் ஈரமும் மூடியும் சேர்ந்தால் அழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். முளைத்த நாளே மூடியை எடுத்து, தட்டைப் பாயிலிருந்து இறக்கி, எல்.ஈ.டி. விளக்கின் கீழே மூன்று நான்கு அங்குலத்தில் வையுங்கள். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம். ஒரு சின்ன மின்விசிறி மெதுவாகச் சுற்றட்டும். முளைக்காத குழிகளை வெட்டி எடுத்துப் பாயிலேயே விடலாம்.

பாவற்காய்க்கு வேறு வழி. ஏப்ரல் கடைசியில்தான் போடுகிறேன். முந்திப் போட்டால் கொடி பேஸ்மென்ற் முழுக்கப் படரும். விதையின் விளிம்பை நகவெட்டியால் மெல்ல நறுக்கி, உள்ளே இருக்கும் பருப்பில் படாமல், ஓர் இரவு ஊற வையுங்கள். பிறகு ஈரக் காகிதத் துவாயில் சுற்றி, அழுத்தி மூடும் பிளாஸ்ரிக் பையில் போட்டு, பாயின்மேல் ஒரு துணி விரித்து அதன்மேல் வையுங்கள். 30 பாகை. நாலாம் நாளிலிருந்து தினமும் திறந்து பாருங்கள். விளிம்பைப் பிளந்துகொண்டு வெள்ளையாக, குழந்தைக்குப் பால்பல் வருவது மாதிரி வேர்முனை எட்டிப் பார்க்கும். அது கீழே பார்க்கும்படி, விதைக்கு ஒரு கோப்பையாக நடுங்கள். வெண்டிக்கும் இதே சூடுதான், ஆனால் அதன் வேரைக் குழப்பினால் கோபித்துக்கொள்ளும், ஆகவே நேரே கோப்பையில் போட்டுவிடுவது நல்லது.

வெளியே நடுவதற்கு ஒரு கிழமை முன்பு கன்றுகளை நிழலில் வைத்துப் பழக்க வேண்டும், முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கூட்டிக் கூட்டி. அப்புறம் பாயைத் துடைத்து, சுருட்டிக் கட்டி, அலுமாரி மேலே வைத்தேன். நவம்பரில் பார்த்தால் காணவில்லை. குசினியில் தோசைமாச் சட்டியின் அடியில் இருந்தது, தேர்மோஸ்ரற் 30 பாகையில். "இஞ்சாருங்கோ, இந்தக் குளிருக்கு மா பொங்குதில்லை, பிறகென்ன செய்யிறது?" என்றாள் மனைவி. மா விளிம்புவரை பொங்கி நின்றது. பெப்ரவரி கடைசியில் மிளகாய்க்காக நான் பாயைத் திரும்பக் கேட்டேன். மண் பட்ட பாய் இனிக் குசினிக்கு வராது, குசினிப் பாய் இனி மண்ணுக்குப் போகாது என்று தீர்ப்பு வந்தது. இப்போது வீட்டில் இரண்டு பாய்.