நேவ்டெக்ஸ் செய்தியில் நட்சத்திரக் குறிகள்: சரிசெய்த விதம்

கப்பல்களுக்கு வானிலை, கடல் எச்சரிக்கைகளை எழுத்தாக அனுப்பும் ரேடியோ சேவை நேவ்டெக்ஸ். 518 கிலோஹெர்ட்ஸில் வரும் அந்த எச்சரிக்கைகளில் வரிக்கு வரி நட்சத்திரக் குறி விழுந்தால் ரிசீவரைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு எழுத்தும் இருமுறை வருகிறது. இரண்டும் கெட்டால்தான் அந்தக் குறி. அங்கொன்று இங்கொன்று சகஜம். தொடர்ந்து விழுந்தால் சிக்னல் பலவீனம், அல்லது இரைச்சல்.

ஆன்டெனா முனையில் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். ஆக்டிவ் ஆன்டெனாவுக்கு (உள்ளேயே பெருக்கி உள்ளது) மின்சாரம் அதே கோஆக்ஸ் கேபிளில்தான் ஏறுகிறது. இருக்க வேண்டியது 12 வோல்ட், இருந்தது 7. நடு ஊசியில் பச்சைக் களிம்பு. துடைத்தால் நாலு நாளில் திரும்பி வரும். உள்ளிருக்கும் செம்புக் கம்பிப் பின்னல் கறுத்த தூரம் வரை கேபிளை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, தன்மேல் தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன்.

மிச்ச இரைச்சலுக்கு எல்.இ.டி விளக்கு, சார்ஜர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். மாட்டியது ஒரு சார்ஜர். இரைச்சலை அடக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் அதன் வயரை ஏழெட்டுச் சுற்று சுற்ற வேண்டும். இவ்வளவு தாழ்ந்த அலைவரிசையில் ஒரு சுற்று பெயருக்குத்தான்.

சோதிக்கப் பொறுமை வேண்டும்: ஒரு நிலையத்துக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடமே ஒதுக்கீடு. ரிசீவர் மெனுவில் அந்த நிலையத்தைக் குறிக்கும் எழுத்து அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.